அவர் உன் கண்ணுக்கும் தெரிகிறாரா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தப் பதிவில் பல படங்களின் முடிவைப் போட்டு உடைக்கப்போகிறேன். அவற்றில் ஒன்று வெளிவந்து நூறு ஆண்டுகள் தாண்டிவிட்டன. அதற்கு இனியும் ரகசியம் காப்பது வீண். மற்றவற்றைப் பார்க்க நினைப்பவர்கள் பார்த்துவிட்டு நிதானமாக வரலாம். ஆனால் முடிவு தெரிந்ததும் கெட்டுப்போகிற படம், முடிவு தெரியாதபோதே கெட்டுப்போயிருந்த படம் என்பதுதான் என் கட்சி. கதாநாயகன் இத்தனை நேரம் கண்டது, கேட்டது, நம்பியது எல்லாம் அவன் மனம் எழுப்பிய கோட்டை என்று கடைசியில் தெரியவருகிற படங்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

இந்த வகைப் படங்களோடு எனக்குத் தொழில்முறையில் ஒரு வம்பு உண்டு. காது கேளாதவர்களும் படம் பார்ப்பதற்காகத் திரையின் அடியில் ஓடும் வசன வரிகளை எழுதுவது என் வேலை. வசனத்தை மட்டும் எழுதினால் போதாது. கதவு தட்டும் ஓசை, பக்கத்து அறை இருமல், தொலைபேசி மணி எல்லாவற்றையும் எழுத வேண்டும். பேசுபவர் திரையில் தெரியாவிட்டால் வரியின் தொடக்கத்தில் அவர் பெயரைப் போட வேண்டும். சிக்கல் அங்கேதான். ஒரு தொடரில் கதாநாயகனின் மனைவி எப்போதும் அடுத்த அறையிலிருந்தே பேசிக்கொண்டிருந்தாள். அவள் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது, நாம் கேட்டதெல்லாம் அவனுக்குள் எழுந்த குரல் என்பதைக் கடைசிக்கு முந்தைய பகுதியில்தான் சொன்னார்கள். அவள் பெயரைப் போட்டால் பொய். 'மாயக்குரல்' என்று போட்டால் கதை காலி. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரியவர் இதற்கு ஒரே விதிதான் வைத்திருந்தார்: "படம் எப்போது சொல்கிறதோ அப்போது நீயும் சொல். ஒரு நொடி முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது." அவள் பெயரையே போட்டேன்.

குழப்பம் வராமல் இருப்பதற்காக அந்தத் தொடருக்கு ஓர் அட்டவணை போட்டேன். இடப்பக்கம் பேசியவர், வலப்பக்கம் அதற்குப் பதில் சொன்னவர். மனைவி பேசிய இடங்களுக்கு எதிரே கணவனின் பெயர் மட்டுமே வந்துகொண்டிருந்தது. எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள் என்று மெச்சிக்கொண்டேன். பிறகு வந்தது ஒரு காட்சி. மனைவி உள்ளேயிருந்து "குடையை எடுத்துக்கொண்டு போ" என்கிறாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும் மகள் "சரி அம்மா" என்கிறாள். கணவன் அப்போது மாடியில் உறங்கிக்கொண்டிருக்கிறான். யாருடைய பிரமைக்கு அந்தப் பெண் பதில் சொன்னாள்? தயாரிப்புத் தரப்பில் கேட்டேன். "அதையெல்லாம் யார் கவனிக்கப்போகிறார்கள்?" என்றார்கள்.

நான் கவனிக்கிறேன், அதற்குத்தான் சம்பளம். அதோடு அது பழக்கமாகவும் ஆகிவிட்டது. எந்தப் பிரமைப் படத்தையும் இரண்டாம் முறை பார்க்கும்போது கதாநாயகனை அப்படியே விட்டுவிட்டு, அவன் பக்கத்தில் நிற்பவர்களை மட்டும் பார்க்கிறேன். இல்லாத ஒருவரோடு பேசுகிற மனிதனின் அருகில் இருப்பவர்கள் என்ன செய்தார்கள், எங்கே பார்த்தார்கள், எப்போது தயங்கினார்கள்? இயக்குநர் அதை யோசித்திருந்தால் படம் நிற்கும். யோசிக்காவிட்டால் அது கடைசி நிமிட வித்தை, அவ்வளவுதான்.

என் நாத்தனார் இதற்கு நேர் எதிர். படம் தொடங்கிக் கால்மணி நேரத்தில் "அண்ணி, இந்த ஆள் கிடையாது, வேண்டுமானால் பாருங்கள்" என்று அறிவித்துவிட்டுச் சாய்ந்துகொள்வாள். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். கண்டுபிடித்ததோடு அவளுக்குப் படம் முடிந்துவிடும். எனக்கு அங்கேதான் தொடங்கும்.

2001-ல் ரான் ஹோவர்ட் இயக்கிய 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' படத்தை அவளோடுதான் பார்த்தேன். கணித மேதை ஜான் நாஷின் வாழ்க்கையைத் தழுவியது. சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் விருதுகள் பெற்றது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நாஷுக்கு சார்லஸ் என்று ஓர் அறைத்தோழன். சார்லஸின் சகோதரி மகள் மார்சி என்ற சிறுமி. சோவியத் சங்கேதங்களை உடைக்கும் ரகசிய வேலை தருகிற பார்ச்சர் என்ற அதிகாரி. மூன்று பேருமே இல்லை. என் அட்டவணைக்கு இந்தப் படம் அழகாக ஒத்துவருகிறது: சார்லஸ் எவ்வளவு பேசினாலும் நாஷைத் தவிர வேறு ஒருவரும் அவனுக்கு ஒரு வார்த்தை பதில் சொல்வதில்லை. மார்சி புறாக்கூட்டத்துக்கு நடுவே ஓடுகிறாள், ஒரு புறாகூடச் சிறகடித்து எழவில்லை. நாத்தனார் அந்தப் புறாக்களைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் புறாக்களைத்தான் சொல்கிறார்கள்.

எனக்கு முக்கியமாகப் பட்டவை நாஷின் மனைவி அலிசியாவின் இடங்கள். கணவன் ரகசியக் கடிதங்களைக் கொண்டுபோய்ப் போட்டுவந்த பாழடைந்த மாளிகைக்கு அவள் தனியாகப் போகிறாள். பெட்டியைத் திறந்தால், அவன் முத்திரையிட்டுப் போட்ட உறைகள் பிரிக்கப்படாமல் அப்படியே கிடக்கின்றன. அவற்றை வாரியெடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வந்து அவன் முன்னால் வைக்கிறாள். படத்தில் ரகசியம் உடையும் கணம் என்று பலரும் வேறு ஏதோ காட்சியைச் சொல்வார்கள். எனக்கு அது இந்த உறைகள்தான். ஒரு மனிதன் இரவு பகலாக உழைத்த உழைப்பை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்பதை அவன் மனைவி கை நிறைய ஏந்திக்கொண்டு வருகிறாள். இன்னோர் இடம் குளியல் தொட்டி. குழந்தையைத் தொட்டியில் விட்டுவிட்டுத் தண்ணீர் ஏற ஏற நாஷ் வேறு பக்கம் போய்விடுகிறான். கேட்டால், சார்லஸ் பார்த்துக்கொண்டிருந்தான் என்கிறான். அவனுக்கு அது பொய் இல்லை. அவளுக்கோ அன்றோடு அந்த வீட்டில் யாரை நம்பிக் குழந்தையை விட முடியும் என்ற கணக்கே மாறிவிடுகிறது.

படத்தின் பிற்பகுதியில் ஒரு சின்னக் காட்சி உண்டு. நாஷுக்கு வயதாகிவிட்டது. வகுப்பு முடிந்து வெளியே வருகிறார். முன்பின் தெரியாத ஒருவர் வந்து நோபல் பரிசு விஷயமாகப் பேசுகிறார். நாஷ் உடனே பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கும் மாணவியிடம் திரும்பி, இந்த ஆள் உன் கண்ணுக்கும் தெரிகிறாரா என்று கேட்கிறார். தெரிகிறார் என்றதும்தான் வந்தவரோடு பேசத் தொடங்குகிறார். சிரிப்பு வரவழைக்கும் காட்சிதான். ஆனால் எத்தனை வருடப் பயிற்சி அந்தக் கேள்வியில் இருக்கிறது! தன் கண்ணை நம்பாமல் பிறர் கண்ணைக் கடன் வாங்கக் கற்றுக்கொண்ட மனிதர் அவர். அப்படிக் கேட்பதற்குப் பக்கத்தில் ஒருவர் வேண்டும், அவர் கேலி செய்யாமல் பதிலும் சொல்ல வேண்டும்.

உண்மையான நாஷின் கதை படத்திலிருந்து நிறையவே விலகுகிறது. அவருக்குக் கண்ணுக்குத் தெரியும் தோழர்கள் இருக்கவில்லை; வந்தவை எண்ணங்களும் பிற்பாடு குரல்களும்தான். செய்தித்தாளில் தனக்கென்று சங்கேதச் செய்திகள் வருவதாக நம்பினார். அண்டார்டிகாவின் பேரரசராகப் போவதாகச் சொல்லி ஒரு பேராசிரியர் பதவியை மறுத்தார். குரலைத் திரையில் காட்ட முடியாது என்பதால் ஹாலிவுட் அதற்கு உடம்பு கொடுத்துவிட்டது. அதன் பலனாக, நாஷுக்கு இருந்த மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்றாலே இல்லாத ஆட்கள் கண்முன் நடமாடுவது என்று உலகமே நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்த நோயில் பெரும்பாலும் வருபவை குரல்கள். போதாக்குறைக்கு, ஓர் உடம்பில் பல ஆட்கள் குடியிருப்பதாகச் சொல்லும் வேறொரு கோளாறையும் இதையும் படக்காரர்கள் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிட்டார்கள்.

படம் விட்டுவிட்ட இன்னொன்று எனக்கு அதைவிடப் பெரியது. அலிசியா 1963-ல் அவரை விவாகரத்துச் செய்துவிட்டார். 1970 வாக்கில், போக்கிடம் இல்லாமல் இருந்த அவரைத் தம் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டார். 2001-ல் மறுபடியும் மணந்துகொண்டார். 2015-ல் நார்வேயில் கணிதத்துக்கான ஏபெல் பரிசு வாங்கிக்கொண்டு திரும்பியபோது நடந்த கார் விபத்தில் இருவரும் ஒன்றாக இறந்தார்கள். விட்டுப் போன மனைவி, ஆனால் தெருவில் விடாத மனைவி. படத்தில் வருகிற அலிசியாவைவிட இவர் எவ்வளவு சிக்கலானவர்! நோபல் பரிசுக்காகத் தாமே எழுதிய சுயசரிதைக் குறிப்பில் நாஷ், பிரமையின் சாயல் படிந்த சிந்தனைகளை அறிவால் ஒவ்வொன்றாக மறுத்து ஒதுக்க ஆரம்பித்ததாகச் சொல்கிறார். படத்தில் அவர் புதிய மருந்துகள் சாப்பிடுவதாக ஒரு வசனம் வரும். உண்மையில் அவர் 1970-க்குப் பிறகு மருந்து எடுத்துக்கொள்ளவில்லை. மற்ற நோயாளிகள் இதைப் பார்த்து மருந்தை நிறுத்திவிடக் கூடாதே என்ற கவலையில் வைத்த வசனம். அந்தப் பொய்யை நான் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டாம் முறை பார்ப்பதற்கென்றே எடுத்தது போன்ற படம் மார்ட்டின் ஸ்கார்செஸியின் 'ஷட்டர் ஐலண்ட்' (2010). டெனிஸ் லெஹேன் 2003-ல் எழுதிய நாவல்தான் மூலம். 1954-ம் ஆண்டு, ஒரு தீவில் குற்றவாளிகளுக்கான மனநோய் மருத்துவமனை, அங்கிருந்து காணாமல்போன ஒரு பெண் நோயாளியைத் தேடி டெடி டேனியல்ஸ் என்ற மத்திய போலீஸ் அதிகாரி, சக் என்ற கூட்டாளியோடு வருகிறார். கடைசியில் தெரிவது: டெடியே அங்கே இரண்டு வருடமாக இருக்கும் நோயாளி. உண்மைப் பெயர் ஆண்ட்ரூ லேடிஸ். அவன் மனைவி மூன்று குழந்தைகளையும் ஏரியில் மூழ்கடித்தாள். அவன் அவளைச் சுட்டுக் கொன்றான். அதைத் தாங்க முடியாமல் அதிகாரி என்ற வேடத்துக்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கிறான். அந்த வேடத்தை முழுதாக ஆடிப் பார்க்க விட்டால் அதன் ஓட்டை அவனுக்கே தெரிந்துவிடும் என்று தலைமை மருத்துவர் நம்புகிறார். ஆகவே மொத்த மருத்துவமனையும் அவனுக்காக நாடகம் போடுகிறது. கூட்டாளி சக், அவனுடைய மருத்துவரேதான்.

இதைத் தெரிந்துகொண்டு மறுபடி பாருங்கள். படகிலிருந்து இறங்கும்போது துப்பாக்கி ஏந்திய காவலர்கள் ஏன் அத்தனை விறைப்பாக நிற்கிறார்கள்? நோயாளி ஒருவனை வெளியில் உலவ விட்டிருக்கிறார்கள், அதுதான். துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லும் இடத்தில் சக் தன் இடுப்பிலிருந்து உறையோடு அதைக் கழற்றத் தெரியாமல் தடுமாறுகிறார். போலீஸ்காரருக்கு அது கைவந்த வேலை; மருத்துவருக்கு? பாறைகளில் தேடும் காவலர்களின் அசட்டையைப் பாருங்கள். இல்லாத ஒருத்தியைத் தேடுகிறார்கள், கால் வலிக்கிறது, எப்போது முடியும் என்று இருக்கிறது. முதல் முறை இதையெல்லாம் சதியின் அறிகுறி என்று எடுத்துக்கொண்டோம். இரண்டாம் முறை அதே முகங்கள் வேலைக்கு வந்த மனிதர்களின் முகங்களாகிவிடுகின்றன. ஒரு ஷாட்கூட மாறவில்லை.

அந்தத் தண்ணீர்க் காட்சியையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பெண் நோயாளியை டெடி விசாரிக்கிறார். அந்தப் பெண் குடிக்கத் தண்ணீர் கேட்கிறாள், சக் எடுத்துவந்து தருகிறார். அவள் குடிக்கும் ஷாட்டை நிறுத்திப் பார்த்தால் கையில் டம்ளரே இல்லை. விரல்கள் வளைந்திருக்கின்றன, கை வாய்க்குப் போகிறது, தொண்டை விழுங்குகிறது, ஆனால் பிடித்திருப்பது வெறும் காற்றை. அடுத்த ஷாட்டில் டம்ளர் மேசைக்கு வந்துவிடுகிறது. தெல்மா ஸ்கூன்மேக்கர் போன்ற தேர்ந்த படத்தொகுப்பாளர் வேலை செய்த படம். கைதவறி விட்டதாக இருக்க முடியாது. தண்ணீர் டெடியின் குழந்தைகளைக் கொன்றது. ஆகவே அவன் கண் தண்ணீரை ஏற்க மறுக்கிறது என்று நான் படித்துக்கொள்கிறேன். திரையரங்கில் யாரும் இதைக் கண்ணால் பிடித்திருக்க முடியாது. ஆனால் ஏதோ சரியில்லை என்று வயிற்றில் ஒரு சங்கடம் மட்டும் மிஞ்சும்.

இப்படி நாடகம் போட்டுப் பிரமையைக் கலைக்க முடியுமா? நிஜத்தில் கிட்டத்தட்ட இதையே ஒருவர் செய்து பார்த்திருக்கிறார். மில்டன் ரோக்கீச் என்ற உளவியலாளர் 1959-ல், மிச்சிகனில் இப்சிலாண்டி அரசு மருத்துவமனையில், தானே இயேசு கிறிஸ்து என்று நம்பிய மூன்று பேரை ஒரே இடத்தில் சேர்த்து வைத்தார். மற்ற இருவரைப் பார்த்தால் தன் நம்பிக்கை ஆட்டம் காணும் என்பது அவர் எண்ணம். ஆட்டம் காணவில்லை. மற்ற இருவருக்கும் மனநோய், இல்லாவிட்டால் அவர்கள் மனிதர்களே இல்லை என்று ஒவ்வொருவரும் தனக்கு வசதியான விளக்கம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். ரோக்கீச் இன்னும் ஒரு படி போய், அவர்களில் ஒருவரின் கற்பனை மனைவி எழுதுவது போலக் கடிதங்கள்கூட அனுப்பினார். 1964-ல் புத்தகம் வந்தது. இருபது ஆண்டுகள் கழித்து அதற்குச் சேர்த்த பின்னுரையில், கடவுளைப் போல அவர்கள் வாழ்க்கையில் கை வைக்கத் தனக்கு உரிமை இல்லை என்ற பொருளில் வருத்தம் தெரிவித்தார். திரையில் ஒரு தடயம் போதும், கண்ணாடி உடைந்ததுபோல் பிரமை சிதறிவிடும். வாழ்க்கையில் தடயத்தையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு பிரமை கொழுக்கும்.

ஸ்கார்செஸி அதை அறிந்தவர் என்பதால்தானோ என்னவோ, முடிவை அவ்வளவு கசப்பாக வைத்திருக்கிறார். ஆண்ட்ரூ உண்மையை ஒப்புக்கொள்கிறான். மறுநாள் காலையில் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு பழையபடி டெடியாகப் பேசுகிறான். பக்கத்தில் சக்காக நடித்த மருத்துவர். அவர் தூரத்தில் நிற்பவர்களைப் பார்த்து, பலிக்கவில்லை என்று தலையசைக்கிறார். அப்போது ஆண்ட்ரூ, அரக்கனாக வாழ்வதா, நல்லவனாகச் சாவதா, இரண்டில் எது மோசம் என்று கேட்டுவிட்டு, மூளை அறுவைக்கு அழைத்துப்போக வருபவர்களை நோக்கித் தானே நடக்கிறான். அந்த வரி நாவலில் கிடையாது, படத்துக்காக எழுதியது. அவன் தெளிந்துதான் போகிறான் என்று நாத்தனார் சத்தியம் செய்வாள். நானும் அதைத்தான் நினைக்கிறேன், ஆனால் என் ஆதாரம் வேறு: அந்த வரியைக் கேட்டதும் மருத்துவரின் முகம் போகிற போக்கு. "டெடி?" என்று அவர் கூப்பிடுகிறார். அவன் திரும்பிப் பார்ப்பதில்லை.

டெடி பயந்ததில் பாதி உண்மை என்பதையும் மறக்கக் கூடாது. தீவில் மூளையை அறுக்கிறார்கள் என்பதுதானே அவன் புலம்பல்? 1954-ல் அது பிரமை இல்லை. மூளை அறுவையைத் தொடங்கிவைத்த எகாஸ் மோனிஸுக்கு 1949-ல் நோபல் பரிசே கொடுத்திருந்தார்கள். மருத்துவமனைகளில் அது நடந்துகொண்டுதான் இருந்தது. கடைசியில் அவனுக்கு நேர்வதும் அதுவே.

'ஃபைட் கிளப்' (1999) பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். கதாநாயகனின் மனம் படைத்த டைலர் ஓரிரு ஃபிரேம்களுக்கு மின்னி மறைவதையும், உள்வரும் அழைப்பு கிடையாது என்று எழுதிய தொலைபேசிக் கூண்டில் மணி அடிப்பதையும் நான் வேறு சொல்ல வேண்டியதில்லை. அவனோடு பழகும் மார்லா என்ற பெண்ணின் பக்கமிருந்து மட்டும் ஒருமுறை பார்க்கச் சொல்வேன். டைலராக இரவெல்லாம் கூட இருந்தவன் காலையில் சமையலறையில் அவளைப் பார்த்து, நீ இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்கிறான். முதல் முறை அவள் ஏதோ கோபக்காரப் பெண்ணாகத் தெரிந்தாள். உண்மையில் அந்தப் படத்தில் பொறுமையின் எல்லைக்குப் போனவள் அவள் ஒருத்திதான்.

'ஜோக்கர்' (2019) என்னைக் கடுப்பேற்றியது இங்கேதான். ஆர்தர் தன் காதலி என்று நம்பும் அடுத்த வீட்டுப் பெண்ணின் வீட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறான். அவள் திடுக்கிட்டு, உங்கள் பெயர் ஆர்தர்தானே, இதே தளத்தில்தானே இருக்கிறீர்கள் என்கிறாள். அந்த ஒரு வரி போதும், முதுகு சில்லிட்டுப்போகிறது. காதல் முழுவதும் அந்த 'தானே'யில் காணாமல்போய்விட்டது. அதோடு நிறுத்தாமல் பழைய காட்சிகளை அவள் இல்லாமல் மறுபடி ஓட்டிக் காட்டுகிறார்கள். பார்வையாளர் மீது இவ்வளவு அவநம்பிக்கை எதற்கு?

ஏமாற்றுவதிலும் நாணயம் உண்டு என்பதை ஹிட்ச்காக்கே பட்டுத்தான் தெரிந்துகொண்டார். 'ஸ்டேஜ் ஃபிரைட்' (1950) படத்தின் தொடக்கத்தில் ஒருவன் சொல்லும் நினைவுக் காட்சி முழுப் பொய். அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று பின்னாளில் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா ட்ரூஃபோவிடம் ஒப்புக்கொண்டார். கார்த்திக் சுப்பராஜின் 'பீட்சா' (2012) அதே வித்தையைச் செய்து தப்பித்துக்கொண்டது. பேய் வீட்டுக் கதையைச் சொல்பவனுக்குப் பொய் சொல்லக் காரணம் இருந்தது, கேட்பவர்களும் திரையிலேயே இருந்தார்கள். பொய் சொல்பவன் வேறு, பிரமையில் இருப்பவன் வேறு. முன்னவனுக்கு உண்மை தெரியும். 2010-ல் வந்த 'கார்த்திக் காலிங் கார்த்திக்' என்ற இந்திப் படத்தில் அதிகாலையில் ஒருவனுக்குத் தொலைபேசி வருகிறது, பேசுபவனும் தன் பெயர் கார்த்திக் என்கிறான். அதற்கு வசன வரி எழுதியவரை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. பெயரைத் தயங்காமல் போட்டிருப்பார், கடைசிவரை அது சரியாகவும் இருந்திருக்கும்.

'மணிச்சித்திரத்தாழ்' (1993) என்ற மலையாளப் படம் எல்லோருக்கும் மனப்பாடம். கங்காவை நினைவு வைத்திருக்கும் அளவுக்கு அவள் கணவன் நகுலனை யாரும் வைத்திருப்பதில்லை. உன் மனைவிக்குள் நாகவல்லி என்ற பழங்காலத்து நடனக்காரி இருக்கிறாள் என்று மருத்துவ நண்பன் சொன்னால் எந்தக் கணவன் நம்புவான்? நம்பவைக்க ஒரே வழி, வெளியே கிளம்பும் அவளை நகுலனே தடுப்பது. தடுக்கிறான். அவள் குரல் மாறுகிறது, கண் மாறுகிறது, கட்டில் எழும்புகிறது. தன் வாயாலேயே மறுத்து, தன் மனைவியின் நோயைத் தானே வெளியே இழுக்க வேண்டிய கட்டாயம் அந்த மனிதனுக்கு. கட்டிலைப் பார்க்காமல் நகுலனைப் பாருங்கள்.

என் அட்டவணை ஒரே ஒரு படத்தில் மொத்தமாகத் தோற்றது: ஃப்ளோரியன் ஜெல்லரின் 'த ஃபாதர்' (2020). டிமென்ஷியா வந்த முதியவராக ஆந்தனி ஹாப்கின்ஸ். ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது. மகள் ஆன் ஒருமுறை ஒரு நடிகையாக வருகிறாள், கடைக்குப் போய்விட்டு வேறொரு நடிகையாகத் திரும்பி வருகிறாள். வீடு அதேதான், ஆனால் சுவரின் நிறம், சமையலறை, நாற்காலிகள் எல்லாம் கேட்காமல் கொள்ளாமல் மாறிக்கொண்டே இருக்கின்றன. அவர் கூடத்துக்குள் நுழையும்போது மகளும் மருமகனும் அவரை இல்லத்தில் சேர்ப்பது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு நடுவே எழுந்து போய்த் திரும்பி வந்தால் அதே பேச்சு முதலிலிருந்து நடக்கிறது. பேசியவர் யார் என்று இடப்பக்கம் எழுதவே கை வரவில்லை. படத்தின் பெயர்ப் பட்டியலில் அந்த இரண்டாவது நடிகைக்கு 'பெண்' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். நாத்தனாரும் அன்றைக்கு எதையும் அறிவிக்கவில்லை. "இதில் யார் கிடையாது என்றே தெரியவில்லையே, அண்ணி" என்றாள்.

இந்த வகைக்கு மூதாதை 1920-ல் ராபர்ட் வீனே இயக்கிய ஜெர்மன் படம், 'த கேபினட் ஆஃப் டாக்டர் காலிகாரி'. தூக்கத்தில் நடக்கும் ஒருவனை ஏவிக் கொலைகள் செய்கிறான் காலிகாரி; அவன் ஒரு மனநோய் மருத்துவமனையின் தலைவன். கோணல் சுவர்கள், சாய்ந்த ஜன்னல்கள், துணியில் வரைந்த நிழல்கள். கடைசியில், கதை சொன்ன ஃபிரான்சிஸே அந்த மருத்துவமனையில் நோயாளி என்றும், கொலைகாரன் என்று அவன் சொன்னவர் அங்கே கனிவான தலைமை மருத்துவர் என்றும் ஆகிவிடுகிறது. சினிமா ஆய்வாளர் சீக்ஃபிரீட் கிராகாவர் 1947-ல் எழுதிய புத்தகத்தில் இதைக் கடுமையாகச் சாடினார்: அதிகாரத்துக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று சொல்லவந்த கதையை, அப்படிச் சொல்பவனுக்குத்தான் பைத்தியம் என்று திருப்பிவிட்டார்கள் என்றார். பிற்காலத்தில் கிடைத்த மூலத் திரைக்கதைப் பிரதியில் வேறு மாதிரியான ஒரு முன்கதைச் சட்டகம் இருந்ததால், அவர் சொன்ன வரலாறு அப்படியே நிற்காது. ஆனால் அவர் வைத்த கேள்வி நிற்கிறது. ஃபிரான்சிஸ் மருத்துவமனைத் தலைவனைக் குற்றம் சாட்டினான், டெடி அரசாங்கத்தை. இருவரும் நோயாளிகள் என்று முடிந்தது. ஒரு சின்ன ஆறுதல்: ஃபிரான்சிஸின் கதை முடிந்து 'நிஜத்துக்கு' வந்த பிறகும் அந்த மருத்துவமனையின் தளமும் சுவர்களும் நேராகவில்லை. அரங்கம் மட்டும் அவன் கட்சியிலேயே இருக்கிறது.

அந்தக் கேள்வியை அப்படியே புரட்டிப் போட்ட மலையாளப் படம் 'தனியாவர்த்தனம்' (1987). சிபி மலயில் இயக்கியது, லோகிததாஸ் திரைக்கதை எழுதிய முதல் படம். பாலன் என்ற பள்ளி ஆசிரியராக மம்மூட்டி. குலசாபத்தால் தலைமுறைக்கு ஓர் ஆணுக்குப் பைத்தியம் பிடிக்கும் என்பது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை. மாமா இறந்ததும் அடுத்தது யார் என்று எல்லோர் பார்வையும் பாலன் மேல் திரும்புகிறது. இரவில் கெட்ட கனவு கண்டு அலறுகிறார், அது அறிகுறி. எரிச்சலில் ஒருவரைக் கடிந்துகொள்கிறார், அதுவும் அறிகுறி. தனக்கு ஒன்றுமில்லை என்கிறார், எல்லாப் பைத்தியமும் அப்படித்தானே சொல்லும்? அட்டவணையில் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்கின்றன. எல்லோரும் அவருக்குப் பதில் சொல்கிறார்கள், ஆனால் ஒருவரும் அவர் சொன்னதற்குப் பதில் சொல்வதில்லை. வலப்பக்கம் இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தால் மனைவி வீட்டார், பள்ளிக்கூடம், ஊர் என்று போகிறது. தன் மகனுக்கு ஒன்றுமில்லை என்று கடைசிவரை அறிந்த தாய், சோற்றில் விஷம் கலந்து அவருக்கு ஊட்டிவிட்டுத் தானும் சாப்பிடுகிறாள். பிரமைப் படங்களின் பட்டியல்களில் இதை நான் பார்த்ததில்லை. யாராவது அடுத்த முறை பட்டியல் போட்டால் இதைச் சேர்த்துவிடுங்கள்.